வீட்டுப் பொறிகள்: செல்லை மாற்றுமுன் ஒரு சொல்

சென்ற ஆண்டு இப்பகுதியில் நாம் எழுதிய ஒரு குறிப்பினால் அன்பர் ஒருவரின் வீட்டில் ஓர் இழப்பு நேர்ந்துவிட்டது. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டுப் பிறகு இம்மாத விஷயத்துக்கு வருவதே முறை.

பரண்மேல் கிடக்கும் பழைய கேம்பாய் விளையாட்டுப் பெட்டிகளைப் பற்றி அப்போது சிலர் கேட்டிருந்தார்கள். அவற்றில் செருகி விளையாடும் கேசட்டுகளுள் சில, ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்து மறுநாள் தொடரும் வசதி உடையவை என்று எழுதினோம். அவ்வசதி அற்றுப்போனால் கேசட்டின் உள்ளே இருக்கும் பட்டன் செல் தீர்ந்துவிட்டது என்று பொருள் என்றும், கேசட்டைத் திறந்து பழைய செல்லை எடுத்துவிட்டுப் புதியதை ஈயம் பற்றவைத்துப் பொருத்தலாம் என்றும் விளக்கினோம். எழுதியவை யாவும் சரியே. எழுதாமல் விட்ட ஒரு வரிதான் பிழை. செல்லைக் கழற்றிய கணமே அதுவரை சேமித்து வைத்திருந்த ஆட்டம் முழுவதும் அழிந்துபோகும் என்று நாம் சொல்லவில்லை. தீர்ந்துபோன செல்லைப் பற்றியே எண்ணிக்கொண்டிருந்தபடியால், இன்னும் தீராத செல்லையும் ஒருவர் முன்னெச்சரிக்கையாக மாற்ற முற்படுவார் என்பது நமக்குத் தோன்றவில்லை.

இராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பில் வசிக்கும் சகோதரி ஒருவர் அவ்வாறு முற்பட்டார். அவருடைய கடிதம் நான்கே வரி. நம் குறிப்பைப் படித்துவிட்டுக் கேசட்டைக் கடையில் கொடுத்ததாகவும், கடைக்காரர் வேலையைச் சுத்தமாகவே செய்துகொடுத்ததாகவும், கேசட் இப்போது புதிதுபோல் இருப்பதாகவும், தம் அண்ணன் ஆடி வைத்திருந்தது மட்டும் அதில் இல்லை என்றும் எழுதியிருந்தார். கடிதத்தில் கோபச் சொல் ஒன்றேனும் இல்லை. இருந்திருந்தால் நமக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிறன்று அவர் இல்லத்துக்குச் சென்றோம். காப்பி வந்தது. அதன் பிறகே கதை வெளிவந்தது.

2000-ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலிருந்து வந்த தாய்மாமன் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஆளுக்கொரு கேம்பாய் கலர் பெட்டியும், ஆளுக்கொரு போக்கிமான் கேசட்டும் கொண்டுவந்தாராம். அண்ணனுக்குச் சிவப்பு, தங்கைக்கு நீலம். அந்நாளில் டில்லித் தமிழ்ப் பிள்ளைகளுள் பலருக்கு இத்தகைய பொருள்கள் மாமன்மார் பெட்டியிலிருந்தோ, கன்னாட் பிளேசின் அடியில் உள்ள பாலிகா பஜாரிலிருந்தோதான் வந்து சேர்ந்தன. பஜாரில் வாங்கிய கேசட்டுகளுள் போலிகள் பல. அவற்றில் சில, செல்லே இல்லாமல் விற்கப்பட்டன. பள்ளி விட்டு வந்த பிள்ளை மூன்று மணி நேரம் ஆடிச் சேமித்து, மறுநாள் ஒன்றுமில்லாமல் அழுத வீடுகளை நாம் அறிவோம். மாமன் கொண்டுவந்தவை அசல்.

அந்த ஆட்டத்தை அறியாத பெரியோர்களுக்காக ஒரு வார்த்தை. ஜப்பானியரான சத்தோஷி தாஜிரி என்பவர் சிறுவயதில் பூச்சி பிடித்துச் சேர்ப்பதில் பெருவிருப்பம் கொண்டவர். அவ்விருப்பத்தையே ஆட்டமாக்கினார். 1996-இல் ஜப்பானில் வெளிவந்த அது, 1998-இல் அமெரிக்காவில் சிவப்பு, நீலம் என்னும் இரு ஆங்கிலப் பதிப்புகளாக வந்தது. காட்டிலும் மேட்டிலும் திரிந்து விசித்திரப் பிராணிகளைப் பிடித்து வளர்க்க வேண்டும். இதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. சிவப்பில் கிடைக்கும் சில பிராணிகள் நீலத்தில் கிடைக்கமாட்டா. நீலத்தில் உள்ள சில சிவப்பில் இல்லை. ஆகவே இரண்டு பெட்டிகளை ஒரு கம்பியால் இணைத்துப் பண்டமாற்றுச் செய்துகொள்ள வேண்டும். தனியாக இருப்பவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் அவன் தொகுப்பு நிறையாது.

பிடித்த பிராணிக்குப் பத்து எழுத்துக்குள் பெயரிடலாம். ஆங்கில எழுத்தில்தான் இடவேண்டும். இந்த அண்ணன் தம் பிராணிகளுக்கெல்லாம் குடும்பத்தார் பெயர்களை வைத்திருந்தார். வழியை மறித்துக்கொண்டு ஓயாமல் உறங்கும் ஸ்நார்லாக்ஸ் என்ற பருத்த பிராணிக்குப் 'பெரியப்பா' என்று பெயர். நான்கு கைகளும் கட்டுமஸ்தான உடலும் கொண்ட மச்சாம்புக்குத் 'தாத்தா'. பெரியப்பா இதை அறிந்திருந்தாரா என்று கேட்டோம். அறிந்திருந்தாராம். அடுத்த தீபாவளிக்கு அண்ணனுக்கு மட்டும் பணம் கொடுக்கவில்லையாம்.

அந்த அண்ணன் 2019-இல் நோயுற்று மறைந்தார். அவருடைய சிவப்புக் கேசட்டை எப்போதாவது எடுத்துப் போட்டுப் பார்ப்பது தங்கைக்கு வழக்கம். ஆடுவதில்லை, பெயர்களைப் பார்த்துவிட்டு அணைத்துவிடுவார். செல் என்றேனும் தீர்ந்துவிடுமே என்ற அச்சத்தில்தான் நம் குறிப்பைப் படித்ததும் கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார்.

கேசட்டுக்குள் நடப்பது என்ன என்பதை நாம் அன்றே சொல்லியிருக்க வேண்டும். உள்ளே இரண்டு வகை நினைவகங்கள் உண்டு. ஒன்றில் ஆட்டமே பதிந்திருக்கிறது. அது தொழிற்சாலையில் எழுதப்பட்டது. மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அழியாது. இந்தப் போக்கிமான் கேசட்டில் அதன் அளவு 1 மெகாபைட். மற்றொன்று 32 கிலோபைட் அளவுள்ள சிறு நினைவகம். நாம் ஆடிச் சேர்த்ததும் பெயரிட்டதும் அதில்தான் நிற்கின்றன. அதற்கு ஒருபோதும் மின்சாரம் அறக்கூடாது. பெட்டி அணைந்திருக்கும் காலமெல்லாம் 3 வோல்ட் லிதியம் பட்டன் செல் ஒன்று அதற்கு உயிர் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அது எடுத்துக்கொள்ளும் மின்சாரம் மிகச் சொற்பமாதலால் 20 ஆண்டுகளுக்கு மேலும் தாங்கிய செல்கள் உண்டு. இதற்குப் பின் வந்த தங்கம், வெள்ளிப் பதிப்புகளில் கடிகாரம் ஒன்றும் சேர்ந்து ஓடுவதால் அவற்றின் செல் விரைவில் தீரும். அவை வைத்திருப்போர் இன்னும் அவசரப்பட வேண்டும்.

அண்ணனின் கேசட்டில் இருந்தது போனது போனதுதான். அதை மீட்க எந்த மார்க்கமும் இல்லை என்று அச்சகோதரியிடம் சொல்லிவிட்டோம். அவர் தலையசைத்தார். சற்று நேரங்கழித்து, "என் நீலக் கேசட்டை நான் இன்னும் திறக்கவில்லை. அதில் மணி இருக்கிறான், ஐயா" என்றார்.

மணி என்பது நாய். பெரும்பாலோர் வீட்டில் நாய்க்கு இடும் பெயர்தான். சிறுமியாயிருந்தபோது தங்கை நாய் வளர்க்க வேண்டும் என்று அடம்பிடித்திருக்கிறார். இரண்டே அறைகள் கொண்ட அரசுக் குடியிருப்பில் நாயா என்று தாயார் மறுத்துவிட்டார். அதற்கு ஈடாக அண்ணன் தம் சிவப்புக் கேசட்டில் கிரௌலித் என்ற நாய்க்குட்டியைப் பிடித்து, 'மணி' என்று பெயரிட்டு, கம்பி வழியாகத் தங்கையின் கேசட்டுக்கு அனுப்பிவைத்தார். நீலப் பதிப்பில் அந்த நாய் கிடைக்காது.

இந்த இடத்தில் ஆட்டத்தின் ஒரு விதி நமக்குத் துணையாக வந்தது. பண்டமாற்றில் வந்த பிராணியின் பெயரை வாங்கியவர் மாற்ற முடியாது; அதை முதலில் பிடித்தவரின் பெயரும் அதனுடனேயே இருக்கும். தங்கையின் கேசட்டில் மணி என்ற நாயின் பக்கத்தைத் திறந்தால், அண்ணனை வீட்டில் அழைத்த செல்லப்பெயர் அங்கே இன்றும் இருக்கவேண்டும். செல் உயிரோடு இருந்தால்.

அன்று நாம் பெட்டியைப் போட்டுப் பார்க்கக்கூடச் சம்மதிக்கவில்லை. ஒருமுறை சுட்டுக்கொண்ட கை அப்படித்தான் இருக்கும். அடுத்த ஞாயிறு கேசட் ரீடருடன் வருவதாகச் சொல்லிவிட்டு வந்தோம்.

கேசட் ரீடர் என்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு பலகை. ஒருபுறம் கேசட்டைச் செருகலாம், மறுபுறம் யு.எஸ்.பி. கம்பியால் கணினியோடு இணைக்கலாம். ஜி.பி.எக்ஸ். கார்ட், ஜி.பி. ஆபரேட்டர் என்னும் பெயர்களில் இவை கிடைக்கின்றன. கேசட்டைத் திறக்காமலே, செல்லைத் தொடாமலே, உள்ளே இருக்கும் இரண்டு நினைவகங்களையும் படித்துக் கணினியில் இரண்டு கோப்புகளாகத் தந்துவிடும். ஒரு விஷயத்தில் எச்சரிக்கை தேவை. கேம்பாய், கேம்பாய் கலர் கேசட்டுகள் 5 வோல்ட்டில் வேலை செய்பவை. பின்னர் வந்த கேம்பாய் அட்வான்ஸ் கேசட்டுகளுக்கு 3.3 வோல்ட் போதும். மாற்றுக் குமிழ் உள்ள ரீடராயின் அதைச் சரியான பக்கம் வைத்துவிட்டே கேசட்டைச் செருகவேண்டும். வேலை நடக்கையில் கேசட்டைப் பிடுங்குவது கூடாது.

முதற்காரியம் கேசட்டின் பற்களைத் துடைப்பது. நாமெல்லாரும் வாயால் ஊதியே பழகியவர்கள். ஊதுவதில் உள்ள ஈரம் நாளடைவில் அந்தப் பற்களை அரிக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் மெல்லத் துடைத்து உலரவிட வேண்டும். பெட்டியை முடுக்கியவுடன் திரையில் நிறுவனத்தின் பெயருக்குப் பதிலாகச் சிதைந்த கட்டங்களோ கறுப்புப் பட்டையோ தோன்றினால் காரணம் பெரும்பாலும் அழுக்கே. கேசட்டில் பதிந்துள்ள அந்தப் பெயர்ச்சின்னத்தைப் பெட்டி முதலில் படித்துப் பார்க்கும். சரியாக வராவிட்டால் அங்கேயே நின்றுவிடும்.

நாம் துடைத்தோம், செருகினோம். கணினியில் ஆட்டத்தின் பெயர் சரியாக வந்தது. சேமிப்பை ஒருமுறை படித்து, மறுமுறையும் படித்து, இரண்டையும் ஒப்பிட்டோம். இரண்டும் ஒன்றாக இல்லை. அச்சகோதரி நாற்காலியின் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நமக்குத் திரும்பிப் பார்க்கும் தைரியம் வரவில்லை. மறுபடியும் துடைத்தோம். பஞ்சு கறுப்பாகவே வந்தது. மூன்றாம் முறை படித்ததும், நான்காம் முறை படித்ததும், ஐந்தாம் முறை படித்ததும் ஓர் எழுத்தும் பிசகாமல் ஒத்திருந்தன. எத்தனை அவசரமானாலும் இருமுறை படித்து ஒப்பிடாமல் இவ்வேலையை முடித்ததாகக் கொள்ளலாகாது. ஒத்துவந்த கோப்பைக் கணினியில் ஒன்று, விரலளவு பென் டிரைவில் ஒன்று, அவருடைய மின்னஞ்சலில் ஒன்று என மூன்று பிரதிகள் எடுத்தோம்.

கணினியிலேயே அந்த ஆட்டத்தை ஓட்டிக் காட்டும் மென்பொருள்கள் உண்டு. அதில் ஓட்டி, பெயர்கள் இருப்பதைக் காட்டினோம். பார்த்தார். நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "இதை அந்தப் பெட்டியிலேயே பார்க்கமுடியுமா? அந்தப் பொத்தான்களை அழுத்தித்தான் எனக்குப் பழக்கம்" என்று கேட்டார். நீலக் கேசட்டிலேயே புதுச் செல் வைத்து, சேமிப்பை ரீடர் மூலம் அதில் திருப்பி எழுதிவிடலாம்; வழி உண்டு. ஆனால் கேசட்டைத் திறக்கும் பேச்சை எடுத்தவுடனே அவர் முகம் மாறிவிட்டது. நாமும் வற்புறுத்தவில்லை. எஞ்சியது ஃப்ளாஷ் கார்ட்ரிட்ஜ்.

இதனை நம் வாசகர்கள் ஃப்ளாஷ் கேசட் என்றே வைத்துக்கொள்ளலாம். பார்வைக்குப் பழைய கேசட் போலவே இருக்கும். பழைய பெட்டியில் அப்படியே பொருந்தும். உள்ளே மட்டும் ஆட்டம் ஏதும் பதிந்திராது. அதற்குப் பதிலாக, கைப்பேசியில் போடும் நகத்தளவு மெமரி கார்டைச் செருக ஒரு பிளவு இருக்கும். 1980-களில் தோஷிபா நிறுவனத்தில் பணிபுரிந்த புஜியோ மசுவோக்கா கண்ட ஃப்ளாஷ் நினைவகம்தான் அந்தக் கார்டுக்குள் இருப்பதும். மின்சாரம் இல்லாமலே தான் ஏற்றதைப் பிடித்து வைத்துக்கொள்வது அதன் குணம்.

ஒரு மெமரி கார்டைப் பழைய பெட்டி எப்படிப் புரிந்துகொள்ளும் என்று கேட்கலாம். புரிந்துகொள்ளாது, ஏமாற்றத்தான் வேண்டும். கேம்பாயின் மூளையால் கேசட்டின் ஆட்டப் பகுதியில் ஒரே சமயத்தில் 32 கிலோபைட்டுக்கு மேல் பார்க்க இயலாது. நம் கேசட்டிலோ 1 மெகாபைட் இருக்கிறது. எனவே அசல் கேசட்டுக்குள் ஒரு சிறு சில்லு, அலுவலகத்தில் கோப்பு எடுத்துக் கொடுக்கும் ஊழியரைப்போல, கேட்ட கட்டை எடுத்து முன்னே வைத்தும் பழையதை உள்ளே தள்ளியும் வேலை பார்க்கிறது. ஆட்டத்துக்கு ஆட்டம் அந்த ஊழியர் வேறு. ஃப்ளாஷ் கேசட்டில் இருக்கும் சில்லோ எந்த ஊழியரின் வேடத்தையும் பூணவல்லது. ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தவுடன் அதற்குரிய வேடத்தை அது தரித்துக்கொள்கிறது. தன்முன் இருப்பது அசல் கேசட்டன்று என்பதைப் பெட்டி அறிவதே இல்லை.

இது சட்டத்துக்கு உட்பட்டதா என்ற கேள்வி எழும், எழவேண்டும். நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஒரு கணினி நிரலின் பிரதியை முறையாக வைத்திருப்பவர், அது தொலைந்தோ அழிந்தோ போகாமல் காக்கும் பொருட்டு, அது தரப்பட்ட நோக்கத்துக்காக மட்டும் காப்புப் பிரதி எடுத்துக்கொள்ள இடமளிக்கிறது. நம் கையில் உள்ள கேசட்டிலிருந்து நாமே எடுத்த பிரதியை நாம் அவ்வகையில் கருதுகிறோம். ஆயிரம் ஆட்டங்களை யாரோ எங்கிருந்தோ இறக்கிக் கார்டில் நிரப்பி விற்பது வேறு விஷயம். அதற்கு இப்பகுதியில் இடமில்லை. இதே போன்ற கருவிகளைத் திருட்டுப் பிரதிகளுக்கென்றே விற்றதால், 2009-இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் நின்டெண்டோ டி.எஸ். பெட்டிக்கான ஒருவகைக் கேசட்டின் விற்பனையைத் தடுத்தது. கத்தி ஒன்றுதான், காய் நறுக்குவோரும் இருக்கிறார்கள்.

உக்ரைன் நாட்டைச் சேர்ந்த கிரிக்ஸ் என்ற புனைபெயருடைய பொறியாளர் செய்யும் எவர்டிரைவ் என்ற ஃப்ளாஷ் கேசட்டை வரவழைத்தோம். விலை மலிவன்று, சுங்க வரி வேறு. இப்பெயரில் போலிகளும் உலவுகின்றன என்பதால் தயாரிப்பாளர் குறிப்பிடும் விற்பனையாளரிடமே வாங்குதல் நலம்.

வேலை சிக்கலானதன்று. ஆயினும் ஒவ்வொரு படியிலும் ஒரு பள்ளம் உண்டு. மெமரி கார்டு 32 ஜிகாபைட் அல்லது அதற்குக் குறைந்ததாக இருக்கட்டும். பெரியதால் பயன் ஒன்றும் இல்லை. அதனைக் கணினியில் செருகி, ஃபேட்-32 என்னும் முறையில் ஃபார்மேட் செய்ய வேண்டும். இது கார்டில் உள்ளவற்றையெல்லாம் அழித்துவிடும். கல்யாணப் படங்கள் இருக்கும் கார்டை எடுத்து வந்துவிடாதீர்கள். (இம்முறை எச்சரிக்கையை மறக்கவில்லை.) அடுத்து, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அந்தக் கேசட்டின் மாடலுக்குரிய இயக்கக் கோப்புகளை இறக்கி, கட்டவிழ்த்து, உள்ளே இருக்கும் கோப்புறையைக் கார்டின் முதல் நிலையிலேயே வைக்க வேண்டும். கட்டவிழ்க்கும்போது உறைக்குள் உறையாக ஒன்று முளைக்கும். அந்த வெளி உறையோடு வைத்துவிட்டால் கேசட் கோப்பைத் தேடிக் காணாமல் பிழை காட்டி நின்றுவிடும். பிறகு நம் ஆட்டக் கோப்பைத் தனியாக ஓர் உறையில் இட்டு, கார்டைக் கழற்றிக் கேசட்டில் செருக வேண்டியதுதான்.

பெட்டிக்குப் புதிய பென்சில் செல் இரண்டு போட்டோம். ஃப்ளாஷ் கேசட் அசல் கேசட்டைவிட மின்சாரம் கூடுதலாக உண்ணும். அலமாரியில் கிடந்த அரைகுறைச் செல்லைப் போட்டால், பாதியில் அணைந்து சேமிப்பையும் கெடுக்கக்கூடும்.

முடுக்கினோம். பட்டியல் வந்தது. ஆட்டத்தைத் தேர்ந்தோம். இசை எழுந்தது. பொத்தானை அழுத்தினால் 'தொடர்க' என்ற வரி இல்லை. 'புதிய ஆட்டம்' என்பது மட்டுமே இருந்தது.

நமக்கு ஒரு கணம் குளிர்ந்துவிட்டது. அதே சொற்களைத்தான் அவர் கடையிலிருந்து திரும்பிய அன்று சிவப்புக் கேசட்டில் கண்டிருப்பார். அசல் கேசட் மேசைமேல் தீண்டப்படாமல் இருக்கிறது, மூன்று பிரதிகள் இருக்கின்றன என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம், அவருக்கும் சொன்னோம். பிழை எங்கே என்று தேடியபோது அது நம் கையில் இருந்தது. சேமிப்புக் கோப்பின் பெயர் ஆட்டக் கோப்பின் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். நாம் ஓரிடத்தில் இடைவெளி ஒன்று விட்டிருந்தோம். கோப்பின் பெயர்முடிவும், அது இருக்கவேண்டிய உறையும் மாடலுக்கு மாடல் வேறுபடுகின்றன. இதற்கு நல்ல உபாயம் ஒன்று உண்டு. முதலில் அந்த ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்கி, இரண்டு நிமிடம் ஆடி, ஒருமுறை சேமித்துவிடுங்கள். பிறகு கார்டைக் கணினியில் போட்டுப் பார்த்தால், ஃப்ளாஷ் கேசட் தானே ஒரு சேமிப்புக் கோப்பைப் படைத்து வைத்திருக்கும். அது எந்த உறையில், என்ன பெயரில், எந்த முடிவோடு இருக்கிறதோ, அப்படியே உங்கள் கோப்புக்கும் பெயரிட்டு, அதன் இடத்தில் இதை வைத்துவிடலாம். இதைச் செய்வது ஃப்ளாஷ் கேசட்டில் மட்டும். அசல் கேசட்டில் புதிய ஆட்டம் தொடங்கிச் சேமித்தால் பழையது அழிந்துவிடும்.

அவ்வாறே செய்தோம். இம்முறை 'தொடர்க' என்பது வந்தது. அதன் கீழே ஆடுபவரின் பெயர், வென்ற பதக்கங்கள், ஆடிய நேரம். நூற்றுப்பதினெட்டு மணி. "இவ்வளவா?" என்று தாயார் உள்ளிருந்து கேட்டார். "பரீட்சை வருஷம்" என்று சகோதரி சொன்னார். அப்போதுதான் அவர் சிரித்து நாம் முதன்முதலாகப் பார்த்தோம்.

பெட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டோம். அவர் விரல்களுக்கு வழி தெரிந்திருந்தது. மணியின் பக்கம் திறந்தது. நாயின் படம், அதன் பெயர், பக்கத்தின் கீழ்ப்பகுதியில் அதை முதலில் பிடித்தவரின் பெயர். தாயார் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நாம் கணினியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினோம்.

மறந்துவிடாமல் சொல்லவேண்டியவை இரண்டு உள. சில மாடல்களில் ஆட்டத்துக்குள் சேமித்ததோடு வேலை முடிவதில்லை. பெட்டியை அணைக்குமுன் கேசட்டின் பட்டியலுக்குத் திரும்பினால்தான் சேமிப்பு கார்டில் எழுதப்படும். நேரே அணைத்தால் அன்றைய ஆட்டம் போயிற்று. வேறு சில மாடல்களுக்குள் அவற்றுக்கென ஒரு பட்டன் செல்லும் இருக்கிறது. கையேட்டில் இதை மட்டுமாவது படித்துவிடுங்கள். அடுத்தது, மெமரி கார்டும் சாகாவரம் பெற்றதன்று. கணினியில் எடுத்த பிரதியை அழித்துவிடாமல், ஆண்டுக்கொருமுறை திறக்கிறதா என்று பார்த்துவையுங்கள்.

நம் பழைய குறிப்பைப் படித்தவர்களுள் எத்தனை பேர் வீட்டில் கேசட்டுகள் இருக்கின்றன என்பதை அறியோம். இருப்பவர்கள், செல் தீர்ந்ததோ தீரவில்லையோ, அதைத் தொடுமுன் சேமிப்பைப் படித்து எடுத்துக்கொள்ள வேண்டுகிறோம். வரும் மாதம் இரண்டாம் ஞாயிறு மாலை நான்கு மணி முதல் சங்க நூலகத்தில் நாம் ரீடருடன் இருப்போம். கட்டணம் இல்லை. கேசட்டையும், பிரதியை ஏற்றிக்கொள்ள ஒரு பென் டிரைவையும் கொண்டுவாருங்கள். திருப்புளி வேண்டா.